பாடத் தெரிவும் வர்க்கத் தெரிவும்

பத்தாந் தரத்திற் காலடி வைக்கும் மாணவனின் கையிலே ஒரு படிவம் கொடுக்கப்படுகின்றது. சாதாரண தரப் பரீட்சைக்குரிய ஒன்பது பாடங்களுள் ஆறு கட்டாயமானவை. எஞ்சிய மூன்றையும் மூன்று பாடத் தொகுதிகளிலிருந்து அவனே தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாவது தொகுதியை நோக்கின், தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல், தொடர்பாடலும் ஊடகக் கற்கையும், வடிவமைப்பும் இயந்திரத் தொழினுட்பவியலும், வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பவியலும், வடிவமைப்பும் மின் இலத்திரன் தொழினுட்பவியலும் முதலாய பாடங்கள் வரிசையாக நிற்கும். பார்த்தமாத்திரத்தில் இதனை ஒரு சுதந்திரம் என்றே எவரும் கருதுவர்.

இப்படிவம் நிரப்பும் நாளொன்றில் ஒரு தாயார் என்னிடம் வந்தார். அவருடைய மகனுக்கு நிர்மாணத் தொழினுட்பம் பொருத்தமாயிருக்கும் என நான் கூறியிருந்தேன். அளவும் கணக்கும் அவனுக்குக் கைவந்தவை. தாயார் படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னார்: "சேர், இவன்ர தேப்பன் மேசன். இவனும் அந்த வேலைக்குப் போறதுக்கோ நான் இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிப்பிக்கிறன்?"

அன்று எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அத்தாய் உழைப்பை இழிவாகக் கருதினார் என்று கூறி அவ்வினாவைத் தட்டிக்கழிப்பது எளிது. கல்வி பற்றிய நமது மேடைப் பேச்சுக்களிலே பெரும்பாலும் அதுவே நடைபெறுகின்றது. தமிழன் உத்தியோக மோகங் கொண்டவன், உடலுழைப்பை வெறுப்பவன் என்ற தீர்ப்போடு விடயம் முடிந்துவிடும். ஆனால் வரலாறு வேறொன்றைக் கூறுகின்றது. கைத்தொழிற் கல்வி, செயன்முறைக் கல்வி, தொழில் முன்னிலைக் கல்வி, தொழினுட்பக் கல்வி எனப் பெயர் மாறிமாறி வந்த ஒன்று, வந்தபோதெல்லாம் ஏழையின் பிள்ளைக்கென ஒதுக்கப்பட்ட இரண்டாவது வாசலாகவே வந்தது. மக்கள் மறுத்தது அந்த வாசலையே அன்றித் தொழிலை அன்று. இதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

1833ஆம் ஆண்டின் கோல்புறூக்–கமறன் சீர்திருத்தங்களின் பின்னர், ஆங்கில ஆட்சியாளருக்கு வேண்டியிருந்தவர்கள் குறைந்த செலவில் நிருவாகத்தை நடத்துவதற்கான ஆங்கிலங் கற்ற உள்ளூர் உத்தியோகத்தரே. தோட்டங்களுக்குக் கூலியாட்களும் கந்தோர்களுக்கு எழுதுவினைஞரும் என்ற பாகுபாடு அக்காலத்திலேயே வேர்கொண்டது. "கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்கவேண்டும்" என்ற யாழ்ப்பாணத்துப் பழமொழியை நாம் நகைச்சுவையாகக் கூறுவதுண்டு. உண்மையில் அஃது ஒரு பொருளாதாரக் கணக்காகும். ஆறில்லாத மண்ணிலே, மழையை நம்பிப் பயிர் செய்யும் குடும்பமொன்றுக்கு மாதந்தவறாத சம்பளமும் முதுமையில் ஓய்வூதியமும் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை உணர்ந்தோரே அப்பழமொழியைப் படைத்திருத்தல் வேண்டும்.

இக்கணக்கின் முன்னே நல்ல நோக்கங்கள் பல தோற்றன. 1823இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியிலே கணிதமும் வானியலும் இயற்கை விஞ்ஞானமும் கற்பிக்கப்பட்டன. அங்குக் கற்றோர் நாடியதோ பெரும்பாலும் அரசாங்க உத்தியோகத்தையே. தமது நோக்கம் நிறைவேறவில்லை எனக் கண்ட மிசன், 1855இல் அதனை மூடிற்று. மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடக்கிய வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், ஆங்கிலத்திற் கற்ற மாணவர் ஊரை விட்டு அகல்வதைக் கண்டு, 1860களிலே கற்பித்தலைத் தமிழுக்கு மாற்றினார். மருத்துவ நூல்களைத் தமிழாக்குவித்தார். தமிழிற் கற்ற வைத்தியன் தன் மக்களிடையே தங்குவான் என்பது அவர் எண்ணம். உயர்ந்த தொழிலறிவைத் தமிழிலே புகட்டல் இயலும் என்பது ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே இங்கு நிறுவப்பட்டுவிட்டது. ஆனால் ஊதியமும் மதிப்பும் ஆங்கிலத்தின் பக்கம் நின்றமையால் அம்முயற்சி தனிமரமாகவே நின்றது.

அரசு தானாக முன்வந்து 1893இல் கொழும்பு மருதானையில் ஒரு தொழினுட்பப் பாடசாலையைத் தொடக்கியது. 1906இல் அஃது இலங்கைத் தொழினுட்பக் கல்லூரி ஆயிற்று. ஆனால் இலங்கைப் பல்கலைக்கழகத்திலே பொறியியற் பீடம் தோன்றியது 1950இலே தான். 1964இல் அது பேராதனைக்குச் சென்றது. பொறியியலாளனுக்கு ஒரு பாதை, கைவினைஞனுக்கு வேறொரு பாதை என்ற பிரிவினை இவ்வாறு நிறுவனங்களின் வடிவிலேயே நிலைபெற்றது. வரைபடம் வரைபவனும் அதன்படி கல் அடுக்குபவனும் ஒரே கூரையின் கீழே கற்கவேண்டியவர்கள் என்ற எண்ணம் எவருக்கும் எழவில்லை.

1931இல் டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ்க் கல்வி மந்திரியாகிய சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸ என்னுங் கிராமத்தை நடுவாகக் கொண்டு ஒரு கிராமியக் கல்வித் திட்டத்தைத் தொடக்கினார். பயிர்த்தொழில், கைப்பணி, சுகாதாரம் ஆகியவற்றோடு பாடசாலையைப் பிணைப்பதே அதன் நோக்கமாகும். காந்தியடிகள் வார்தாவிலே ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தது 1937இல். ஹந்தெஸ்ஸ அதற்கும் முந்தியது. திட்டத்தை வகுத்தோரின் நேர்மையை நாம் ஐயுறவேண்டியதில்லை. ஆயினும் கிராமத்தவர் ஒரு கேள்வியைக் கேட்டனர். எங்கள் பிள்ளைகளுக்கு மண்வெட்டி என்றால், பட்டணத்துக் கல்லூரிகளிற் பயிலும் கனவான்களின் பிள்ளைகளுக்கும் மண்வெட்டியா? அப்பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் இலத்தீனும் இருக்கையில், தம்மை வயலோடு கட்டிவைக்கும் சூழ்ச்சியாகவே பலர் இதனைக் கண்டனர். 1940களில் அத்திட்டம் தேய்ந்து மறைந்தது.

அதே கன்னங்கராவின் தலைமையில் அமைந்த விசேட குழு 1943இல் தன் அறிக்கையை வெளியிட்டது. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்விக்கு அடிப்படை அவ்வறிக்கையே. நம்மிற் பெரும்பாலோர் இன்று ஆசிரியர்களாக நிற்பதற்கும் அதுவே காரணம். எனினும் அதே அறிக்கை, ஆரம்பக் கல்வியின் பின்னர்ப் பிள்ளைகளை மூவகைப் பாடசாலைகளுக்குப் பிரித்தனுப்ப வேண்டும் என்றும் விதந்துரைத்தது என்பதனை நாம் மறந்துவிடலாகாது. பரீட்சையில் முதன்மை பெற்றோர் ஒரு வகைக்கும், அடுத்தவர் வேறொரு வகைக்கும், ஏனையோர் செயன்முறைப் பாடசாலைக்கும் செல்லவேண்டுமாம். கைத்தொழில் என்பது சித்தியடையாதவனுக்குக் கிடைக்கும் பரிசாயிற்று. பெற்றோர் அப்பரிசை ஏற்கவில்லை. செயன்முறைப் பாடசாலை இந்நாட்டில் வேரூன்றவே இல்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தின் பின்னர் இங்கிலாந்திலும் பதினொரு வயதுப் பிள்ளைகள் இலக்கணப் பாடசாலை, தொழினுட்பப் பாடசாலை, நவீன பாடசாலை என மூவகைப் பாடசாலைகளுக்குப் பிரிக்கப்பட்டனர். தொழிலாளர் பிள்ளைகளிற் பெரும்பாலோர் சென்றடைந்தது மூன்றாவது வகையையே. சோவியத்து நாட்டிலே 1958ஆம் ஆண்டுச் சட்டம் உற்பத்திப் பயிற்சியைப் பாடசாலைக்குள் கொணர்ந்தது. 1960களின் நடுப்பகுதியில் அதனைப் பெரிதும் கைவிட நேர்ந்தது. கானா நாட்டை ஆராய்ந்த பிலிப் பொஸ்டர் என்னும் அறிஞர் 1965இல் எழுதிய கட்டுரையொன்றிலே, பெற்றோர் ஏட்டுக்கல்வியை நாடுவது அறியாமையினால் அன்று, நல்ல ஊதியந்தரும் தொழிலுக்கு அதுவே வழி என்பதை அவர்கள் சரியாகக் கணித்தமையினாலேயே எனக் காட்டினார். பாடத்திட்டத்தை மாற்றினாற் போதாது. தொழிலின் ஊதியமும் மதிப்பும் மாறாதவரை பெற்றோரின் கணக்கும் மாறாது. நமது கோழி மேய்க்கும் பழமொழியும் இதனையே சொல்லிற்று.

இப்பாடத்தை நம் நாட்டு அரசு கற்றுக்கொள்ளவில்லை. 1971 ஏப்பிரிலில் கல்வி கற்ற கிராமத்து இளைஞர் ஆயுதந் தாங்கிக் கிளர்ந்தெழுந்தனர். அவ்வாண்டிலேயே டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழிலமைப்பின் குழு, படித்தோரின் எதிர்பார்ப்புக்கும் நாட்டிலுள்ள தொழில்களுக்கும் இடையேயுள்ள பெரும் இடைவெளியை எடுத்துக்காட்டியது. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் இப்பின்னணியிலேயே தோன்றியது. ஆறாந் தரத்திலிருந்து ஒன்பதாந் தரம் வரை எல்லா மாணவருக்கும் தொழில் முன்னிலைப் பாடங்கள் விதிக்கப்பட்டன. பழைய சாதாரண தரப் பரீட்சையின் இடத்தைத் தேசிய பொதுக் கல்வித் தராதரப் பத்திரம் பெற்றது.

இச்சீர்திருத்தத்தில் ஒரு முற்போக்கான அமிசம் இருந்தது. ஹந்தெஸ்ஸவைப் போலன்றி, இது பணக்காரப் பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் பொதுவானது. சுற்றாடலிலுள்ள தொழில்களை ஆராய்ந்து அவற்றைப் பாடமாக்குமாறு பாடசாலைகள் கேட்கப்பட்டன. ஆனால் இங்கேதான் ஓர் இடர்ப்பாடு தோன்றியது. நமது ஊர்களில் தொழில் என்பது வெறுந் தொழிலன்று, அது சாதி. மட்பாண்டம் வனைவதும் மரஞ் சீவுவதும் இரும்படிப்பதும் பிறப்பினால் விதிக்கப்பட்டிருந்த சமுதாயத்திலே, சுற்றாடற் றொழிலைப் படி என்பதற்கு உன் சாதித் தொழிலைப் படி என்ற பொருளும் உண்டு. 1920களின் இறுதியில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலே தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குச் சம ஆசனம் வழங்கப்பட்டபோது, பாடசாலைகள் சில தீக்கிரையாயின. அத்தீயைத் தாண்டி வாங்கிற் குந்திய ஒரு பரம்பரையினர், தம் பிள்ளை அதே வாங்கிலிருந்து குலத்தொழிலுக்குத் திரும்புவதை விரும்புவரோ? உயர்சாதியாரோ தம் பிள்ளை அத்தொழிலைத் தொடுவதை விரும்பவில்லை. நேர்மாறான இரு காரணங்களால் இரு சாராரும் அப்பாடத்தைப் புறக்கணித்தனர். பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுந்து, தமிழ் மாணவருக்குப் பொறியியற் பீடத்தின் வாயில் ஒடுங்கியதும் அவ்வாண்டுகளிலே தான். அந்நேரத்தில் வகுப்பறைக்குள் வந்த சுத்தியலை எவர் தான் ஐயமின்றி நோக்கியிருப்பர்? 1977இல் ஆட்சி மாறியது. அதனோடு அத்திட்டமும் போயிற்று.

மலையகத்தின் கதை இதனினும் துயரமானது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்விக்கு இடந்தந்ததாயினும், தோட்டப் பாடசாலை என்பது பெரும்பாலும் ஓரிரு ஆசிரியரைக் கொண்ட, ஆரம்ப வகுப்புக்களோடு முடியும் ஒரு கொட்டகையாகவே இருந்தது. 1945இன் இலவசக் கல்வி அவற்றை உரியவாறு எட்டவில்லை. 1970களிலே தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஐந்தாந் தரத்தோடு கதவு மூடும் பாடசாலையில் விருப்பப் பாடம் என்ற சொல்லுக்கே பொருளில்லை. கொழுந்துக் கூடையே அப்பிள்ளைக்குரிய ஒரே பாடத் தொகுதி.

2013இல் உயர்தர வகுப்பிலே தொழினுட்பவியற் பிரிவு தொடக்கப்பட்டது. 2015இல் அதன் முதலாவது பரீட்சை நடைபெற்றது. பொறியியற் றொழினுட்பவியல் அல்லது உயிர்முறைமைகள் தொழினுட்பவியல், அதனோடு தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம், மூன்றாவதாக ஒரு தொகுதியிலிருந்து தெரியும் பாடம் என அது வகுக்கப்பட்டது. மூன்றாவது பாடமாக ஊடகக் கற்கையையும் தெரியலாம். பல்கலைக்கழகங்களிலே தொழினுட்பவியற் பீடங்கள் எழுந்தன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடம் கிளிநொச்சியிலே அமைந்தது. போரினாற் சிதைந்த மண்ணில் இப்பீடம் எழுந்தமையை நாம் மகிழ்ச்சியோடு வரவேற்றல் வேண்டும். 2017இல் தொடங்கிய பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வியும், சாதாரண தரத்திற் றவறிய பிள்ளையைத் தெருவில் விடாது தொழிற் பாடங்களோடு வகுப்பில் வைத்திருக்க முயல்கின்றது.

ஆயினும் பாடசாலைக்குள்ளே நடப்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். கணிதப் பிரிவுக்குப் புள்ளி போதாதவனுக்கே தொழினுட்பவியல் என்ற பேச்சு மாணவரிடையே மட்டுமன்றி ஆசிரியர் அறைகளிலும் உலவுகின்றது. தொழினுட்பவியற் பட்டத்தைப் பொறியியற் பட்டத்தோடு ஒப்பவைத்து எண்ணுவோர் சிலரே. 1943இன் பகுப்பு ஒரே மதிலுக்குள்ளே, பிரிவு என்ற பெயரோடு மீண்டும் வந்துவிட்டதோ என ஐயுறவேண்டியிருக்கின்றது. சாதாரண தரத்துத் தெரிவும் அத்தகையதே. எந்தப் பாடசாலையில் எந்த ஆசிரியர் உண்டோ, எந்த உபகரணம் உண்டோ அப்பாடமே மாணவனின் விருப்பம் ஆகின்றது. கடைசல் இயந்திரம் இல்லாத பாடசாலையில் இயந்திரத் தொழினுட்பவியல் கரும்பலகையில் நடைபெறும். ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றால் அதுவும் இல்லை. படிவத்தில் உள்ள தெரிவை மாணவன் செய்வதற்கு முன்னரே அவனது ஊரும் வருமானமும் செய்துவிடுகின்றன.

ஊடகக் கற்கையைப் பற்றித் தனியே சில சொற்கள் கூறவேண்டும். பலர் இதனை இலகுவாகப் புள்ளி பெறத்தக்க பாடம் என்றே எண்ணுகின்றனர். தொடர்பாடல் மாதிரியுருக்களைப் பிழையின்றி வரைந்து காட்டும் மாணவி, ஒலிவாங்கியைக் கையால் தொட்டிருக்கமாட்டாள். ஆனால் நமது சமூக வரலாற்றிலே, கற்பித்தலும் வெளியிடுதலும் பிரிந்திருந்ததில்லை. வட்டுக்கோட்டைக் கல்விமரபோடு ஒட்டி 1841இல் 'உதயதாரகை' தோன்றியது. 1848இல் வண்ணார்பண்ணையிலே பாடசாலையைத் தொடக்கிய ஆறுமுக நாவலர், மறு ஆண்டிலேயே சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்தார். பாடநூலை அச்சிடும் பொறி தன் கையில் இல்லையேல் பாடசாலையும் தன் கையில் இல்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். அவ்வாற்றலைப் பெற்றவர்கள் அக்காலத்தில் மேற்சாதிக் கனவான்களே என்பதும் உண்மை. 1925இல் இலங்கையில் வானொலி முறையாகத் தொடங்கியபோது அதனை உருவாக்கிய எட்வேட் ஹார்ப்பர் தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் ஆவார். ஊடகமும் பொறியியலும் ஒரே பட்டறையிற் பிறந்தவை. இன்றைய படிவமோ அவற்றை ஒரே தொகுதியில் இட்டு, ஒன்றைக் கொள், மற்றதை விடு என்கின்றது.

1966இல் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்திலே 'மல்லிகை'யைத் தொடக்கினார். சிகையலங்காரத் தொழில் செய்தவர், உயர்கல்வி வாய்க்காதவர், தாழ்த்தப்பட்ட மக்களிடையே தோன்றியவர். ஈய எழுத்துக் கோத்து, தெருத்தெருவாகத் தாமே சுமந்து விற்று, பல பத்தாண்டுகள் அவ்விதழை நடத்தினார். நம்மைப் பற்றிப் பிறர் எழுதிய காலம் போய், நம்மைப் பற்றி நாமே எழுதுங் காலம் அங்குத் தொடங்கியது. அச்சுக்கூடம் அவருக்கு எத்தகைய ஆயுதமாயிற்றோ, அத்தகைய ஆயுதமே இன்று கமராவும் ஒலிவாங்கியும். 2020இல் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கைத்தொலைபேசியே வகுப்பறையாயிற்று. மலைமுகடுகளில் ஏறிச் சமிக்ஞை தேடிய பிள்ளைகளையும் நாம் கண்டோம். அப்பிள்ளைகளைப் பற்றி வந்த படங்கள் பல. அப்பிள்ளைகளே எடுத்த படம் எத்தனை? லயத்து அறையிலிருந்தும் கரையோரக் குடிசையிலிருந்தும் வரும் மாணவி தன் ஊரின் கதையைத் தானே ஒளிப்பதிவு செய்யும் நாளிலே தான் அப்பாடம் தன் பெயருக்கு உரியதாகும்.

அவ்வாறாயின் நாம் கோரவேண்டியது யாது? 1866இல் சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் ஜெனீவா மாநாட்டுக்கென மார்க்ஸ் வகுத்த குறிப்புக்களிலே, அறிவுக் கல்வியும் உடற்கல்வியும் தொழினுட்பப் பயிற்சியும் ஒருங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்பது இடம்பெற்றது. ஒரு பிள்ளையை ஒரு தொழிலுக்குப் பழக்குவது அதன் நோக்கமன்று. உற்பத்தி முறைகள் அனைத்துக்கும் அடிப்படையான விதிகளை உணர்த்தி, எல்லாத் தொழில்களின் எளிய கருவிகளையும் கையாளச் செய்வதே நோக்கமாகும். குலத்தொழிலுக்கும் தொழினுட்பக் கல்விக்கும் உள்ள வேறுபாடு இதுவே. முன்னது மனிதனைக் கருவியோடு கட்டுகின்றது; பின்னது கருவியை மனிதனுக்குக் கீழ்ப்படுத்துகின்றது.

எனவே தொழினுட்பமும் ஊடகமும் மூன்றாந் தொகுதியின் மூலையில் நின்று போட்டியிடும் பாடங்களாக இருத்தலாகாது. வைத்தியராக வரப்போகும் பிள்ளையும் ஒரு முறை சுவர் எழுப்பிப் பார்க்கட்டும். மேசனின் பிள்ளையும் வளை ஏன் வளைகின்றது என்பதன் கணிதத்தைக் கற்கட்டும். ஊரிலுள்ள கைவினைஞர் ஊதியம் பெறும் ஆசிரியராக வகுப்பறைக்கு வரட்டும். கொழும்புக் கல்லூரிக்குக் கிடைக்கும் ஆய்வுகூடம் கொத்மலைத் தோட்டத்துக்கும் கிடைக்கட்டும். அதற்கும் மேலாக, நாட்டிலே தொழிலாளியின் ஊதியமும் மதிப்பும் உயரட்டும். இஃது ஆசிரியர்களின் கோரிக்கை மட்டுமன்று, தொழிற்சங்கங்களின் கோரிக்கையுமாகும். இவை இன்றிப் படிவத்தை மாத்திரம் மாற்றிக்கொண்டிருப்பின், ஹந்தெஸ்ஸவின் கதையே வேறு பெயரில் மீண்டும் எழுதப்படும்.

அன்று அத்தாயாருக்கு நான் கூறியிருக்கவேண்டிய விடை இப்பொழுது ஓரளவு புலப்படுகின்றது. மகன் மேசன் ஆவதைக் குறித்து அவர் அஞ்சவில்லை. மேசனாகத் தவிர வேறொன்றாகவும் அவனை ஆகவிடாத கல்வி ஒன்றை நாம் அவனுக்குத் தந்துவிடுவோமோ என்றே அஞ்சினார். அவ்வச்சத்துக்கு இந்நாட்டின் ஒன்றரை நூற்றாண்டுக் கல்வி வரலாறு சான்று. அதனைப் போக்கும் பொறுப்பு அத்தாயினுடையதன்று, நம்முடையது.